செடிக்கூடைப் படத்தோடு அடிப்பகுதி விவரமும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செடிகள் நட்டு அலங்கரித்த கூடைகள், தொட்டிகளின் வண்ணப் படங்கள் நாளிதழ்களின் இணைப்புப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. பூ அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். ஆனால் படத்தில் தெரிவது மேல்பாதி மட்டும். கூடையின் அடியில் துளை உண்டா, செடி நடும் கலவை எத்தனை லிட்டர் பிடிக்கும், எவ்வளவு வெளிச்சம் உள்ள இடத்துக்கு உரியது என்ற மூன்று விவரமும் படத்தின் கீழே இருப்பதில்லை. இவை தெரியாமல் படத்தைப் பார்த்து அப்படியே செய்து விற்றால் இரண்டு மூன்று வாரத்தில் இலை மஞ்சளாகித் தண்டு அழுகுகிறது. வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்கிறார். செய்தவருக்கோ எங்கே தவறு நடந்தது என்றே தெரிவதில்லை. இனி வெளியிடும் படங்களோடு இந்த மூன்று விவரத்தையும் ஒரு வரியில் அச்சிட வேண்டுகிறோம். அதற்கான காரணத்தையும், புதியவர்கள் முதல் கூடையிலேயே கடைப்பிடிக்கக்கூடிய முறையையும் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வெட்டிய பூக்களை அடுக்கிப் பழகிய கை, செடியையும் அதே போல நெருக்கி அடுக்கப் பார்க்கும். வெட்டுப்பூ தண்ணீரில் நின்றால் போதும். வேருள்ள செடிக்கு அது போதாது. வேரும் மூச்சு விடுகிறது. கலவையின் இடுக்குகள் எல்லாம் நீரால் அடைபட்டால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேர்நுனிகள் சாகின்றன, செத்த இடத்தில் அழுகல் கிருமிகள் புகுகின்றன. வேர் போன செடியால் நீரை உறிஞ்ச முடியாது, எனவே இலை தொங்குகிறது. இலை தொங்குவதைக் கண்டவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார். பரிசாகப் போகும் கூடைகளில் மிகப் பல இப்படித்தான் சாகின்றன. இலை தொங்கும்போது கலவை ஈரமாக இருந்தால் அது வேர் அழுகலின் அடையாளம், காய்ந்திருந்தால்தான் தாகம். விரலை 3 செ.மீ. உள்ளே விட்டுப் பார்க்காமல் ஊற்றவே கூடாது.

அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிகால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. துளையுள்ள தொட்டியில் அது உதவாது, கெடுதலும் செய்யும். நுண்ணிய இடுக்குகள் உள்ள கலவை நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே பெரிய இடைவெளிகளோடு கல் இருந்தால், கலவையின் அடிப்பாகம் முழுக்க நனைந்து நிறையும் வரை நீர் கல்லுக்குள் இறங்காது. ஒரு கண்ணாடிக் குவளையில் கீழே கல்லும் மேலே ஈரக் கலவையும் போட்டு மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கலவை மேலிருந்து கீழே கறுத்துக்கொண்டே வரும். கல் காய்ந்தபடியே இருக்கும். கலவையின் கடைசி விரற்கடை முழுதும் சொதசொதத்த பிறகுதான் முதல் சொட்டு கல்லில் விழும். அதாவது கல் போட்டதால் ஈரம் தேங்கும் பகுதி ஒழியவில்லை, கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி வேருக்கு நெருக்கமாக வந்திருக்கிறது. துளையுள்ள தொட்டிக்குக் கல் வேண்டாம். துளை வழியே கலவை கொட்டாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

இந்தத் தேங்கும் பகுதியின் உயரம் கலவையைப் பொறுத்தது, பாத்திரத்தின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. ஒரு கலவையில் அது 4 செ.மீ. என்றால், 30 செ.மீ. ஆழத் தொட்டியிலும் 4 செ.மீ.தான், 10 செ.மீ. ஆழச் சட்டியிலும் 4 செ.மீ.தான். ஆழத் தொட்டியில் வேர் மேலே தப்பித்துக்கொள்ளும். சட்டியிலோ வேர்ப்பகுதியில் ஏறத்தாழ பாதி எப்போதும் சகதியில் நிற்கும். மேசைமேல் வைக்கும் ஆழமற்ற பாத்திரங்கள் அழகானவை, கேட்டு வாங்கப்படுபவை. ஆனால் செடிக்கு அவைதான் கடினமானவை. பாத்திரம் எவ்வளவு ஆழம் குறைவோ, கலவை அவ்வளவு பருபருவென்று இருக்க வேண்டும். தொடங்குகிறவர்கள் 15 செ.மீ.க்குக் குறைந்த ஆழமுள்ள பாத்திரத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

கலவைக்கு வருவோம். தோட்டத்து மண்ணை அப்படியே போடாதீர்கள். நான்கைந்து முறை நீர் ஊற்றியதும் அது இறுகிக் கட்டியாகிவிடும், எடையும் கூடும், களை விதைகளும் வரும். பொதுவான இலைச்செடி, பூச்செடிகளுக்கு நனைத்த தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்) அல்லது சலித்தெடுத்த பருமணல் 1 பங்கு நன்றாக ஒத்துவரும். தொங்கு கூடைக்குப் பெர்லைட், தரையில் வைக்கும் தொட்டிக்கு மணல், வேறுபாடு எடையில்தான். சதைப்பற்றுள்ள கள்ளிவகைகளுக்குக் கலவையின் பாதியாவது பருமணலோ சிறு கல்லோ இருக்க வேண்டும். நார்த்தூள் கட்டியில் உப்பு இருக்கலாம். ஊறவைத்த தூளை வலைப்பையில் கட்டி, வழியும் நீரின் பழுப்பு நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். இதைச் செய்யாதபோது புதுத்தளிரின் ஓரம் கருகும். பலர் அதை வெயிலின் வேலை என்று எண்ணிக் கூடையை நிழலுக்கு மாற்றுவார்கள், கருகல் நிற்காது. 5 கிலோ கட்டி ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் தூள் கிடைக்கும், ஆகவே சின்ன வேலைக்குச் சின்னக் கட்டி போதும். நடும் நேரத்தில் கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது.

எவ்வளவு கலவை வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 25 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள, அடி சற்றுக் குறுகிய பாத்திரம் 5 லிட்டர் அளவு பிடிக்கும். நடப்போகும் செடிகளின் தாய்மண், அதாவது வேரோடு ஒட்டி வரும் மண்கட்டி, அதில் இரண்டு லிட்டரை எடுத்துக்கொள்ளும். மேல்விளிம்பில் 2 செ.மீ. இடம் விட வேண்டும், அதில் இன்னும் ஏறத்தாழ ஒரு லிட்டர் போகும். ஆக, கலந்து வைக்க வேண்டியது ஏறத்தாழ இரண்டு லிட்டர்தான். அந்த 2 செ.மீ. இடத்தை வீணென்று நினைத்து விளிம்புவரை நிரப்பிவிடுகிறார்கள். ஊற்றும் நீர் உள்ளே இறங்குமுன் வழிந்து மேசையில் ஓடுகிறது, வாங்கியவர் பயந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கத் தொடங்குகிறார், மேலே ஈரமும் கீழே வறட்சியுமாகக் கூடை காய்கிறது.

பிரம்பு, மூங்கில், நாணல் கூடைகளில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இவற்றுக்குத் துளை தேவையில்லை, ஏனெனில் எங்கும் துளைதான், தேவைப்படுவது உள்ளுறை. கனமான பாலித்தீன் ஷீட்டைக் கூடையின் வாயைவிட எல்லாப் பக்கமும் 15 செ.மீ. கூடுதலாக வெட்டி, இரண்டு அடுக்காக உள்ளே தளர்வாக இறக்குங்கள். இழுத்துக் கட்டினாற்போல் விறைப்பாக விரித்தால் கலவையின் எடை ஏறும்போது மூலைகளில் கிழியும். மூலை மடிப்புகளைக் கையால் நீவி, கூடையின் அடியோடு ஒட்டவையுங்கள். பின்னல் முனைகள் உள்ளே குத்திக்கொண்டிருந்தால் முதலில் கத்தரித்துவிட்டு, அடியில் ஒரு கனத்த காகிதத்தையோ சாக்குத் துண்டையோ போட்டு அதன்மேல் ஷீட்டை விரிக்க வேண்டும். ஸ்டேப்ளர் பின்னை ஈரம் ஏறாத மேல் 2 செ.மீ. பகுதியில் மட்டும் அடிக்கலாம். ஷீட்டின் மிச்சத்தை நட்டு முடித்ததும் வெட்டிவிடுவது வழக்கமான பிழை. முதல் நீர் ஊற்றியதும் கலவை அமிழ்ந்து ஷீட்டையும் கீழே இழுக்கும்; சரியாக வெட்டிய விளிம்பு அப்போது கலவைக்குள் போய்விடும், நீர் பின்னல் வழியே கசியும். நீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து வெட்டுங்கள். கலவை மட்டத்துக்கு மேல் ஒன்றரை செ.மீ. நிற்கும்படி வெட்டி, அதை உட்புறமாக மடித்துப் பாசியால் (மாஸ்) மூடினால் வெளியே ஒரு நூலளவும் பாலித்தீன் தெரியாது.

இப்படி உள்ளுறை போட்ட கூடை இனி துளையில்லாத பாத்திரம். இங்கேதான் கல்லுக்கு ஒரு வேலை உண்டு: வழிந்து வரும் நீர் நிற்க ஒரு இடம். அந்த இடம் எவ்வளவு சிறியது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 20 செ.மீ.க்கு 20 செ.மீ. அடித்தளத்தில் 3 செ.மீ. உயரம் கல் பரப்பினால் அதன் பருமன் 1.2 லிட்டர், கல்லிடுக்கு அதில் நூற்றுக்கு நாற்பது என்று வைத்தால் கொள்ளும் நீர் அரை லிட்டருக்கும் குறைவு. ஒரே ஒரு முறை கவனமில்லாமல் ஊற்றினாலே நிரம்பிவிடும். அதனால் கல்லை மட்டும் நம்பாமல் ஒரு அளவுக்குழாயும் வையுங்கள். 2 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கல்லின் அடிவரை இறங்கும்படி ஒரு மூலையில் நிறுத்திவிட்டுச் செடிகளை நட வேண்டும். மேல்முனையைப் பாசி மறைத்துக்கொள்ளும். ஒரு மெல்லிய மரக்குச்சியை அதற்குள் விட்டு எடுத்தால், குச்சியின் நுனி எத்தனை செ.மீ. நனைந்திருக்கிறது என்பதிலிருந்து அடியில் தேங்கியது தெரியும். குச்சி நனைந்து வந்தால் அன்று நீர் வேண்டாம். ஐந்து நாளாகியும் நனைந்தே வந்தால் கூடையைச் சாய்த்து வடிக்க வேண்டும், அல்லது பெரிய ஊசிக்குழல் கொண்டு குழாய் வழியே உறிஞ்சி எடுக்க வேண்டும். மரக்கரித் துண்டுகளைக் கல்லோடு கலப்பது வாடையைச் சற்றுக் குறைக்கும், அழுகலைத் தடுக்காது. துளையில்லாத கூடைக்கு ஒரு முறைக்குக் கலவையின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் தராதீர்கள்: 2 லிட்டர் கலவைக்கு 200 மி.லி.

முதல் சில கூடைகளைச் செய்பவர்களுக்கு நாங்கள் இன்னொரு வழியைத்தான் முதலில் சொல்வோம்: செடியைத் தொட்டியோடு வைப்பது. நர்சரித் தொட்டிகளை உள்ளுறை போட்ட கூடைக்குள் நிறுத்தி, உயரம் போதாததற்கு அடியில் தெர்மாகோல் துண்டு கொடுத்து, இடைவெளிகளைத் தேங்காய் நாராலும் பாசியாலும் நிரப்பினால் முடிந்தது. ஒரு செடி பட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். நீர் அதிகம் கேட்கும் செடிக்கும் குறைவாகக் கேட்பதற்கும் தனித்தனியே ஊற்றலாம். குறையும் இருக்கிறது. தொட்டி விளிம்புகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் செடிகள் நெருங்கி நிற்காது, ஓரச்செடியைச் சாய்த்து வைக்க முடியாது. அதனால் கூடை கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். ஆனாலும் சாகாத கூடைதான் வாங்கியவரைத் திரும்ப வரவழைக்கும்.

செடித் தேர்வில் அழகுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒற்றுமை. ஒரே கூடையில் நிற்கும் எல்லாச் செடிக்கும் ஒரே வெளிச்சமும் ஒரே அளவு ஈரமும் ஒத்துவர வேண்டும். கற்றாழையையும் பெரணியையும் சேர்த்து நட்ட படங்களை எத்தனையோ பார்க்கிறோம். அவற்றில் ஒன்று மற்றொன்றின் நீரில் சாகப்போகிறது. நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள அறைக்குப் பீஸ் லில்லி, சிங்கோனியம், பெப்பரோமியா, மணிபிளான்ட் ஒரு குடும்பமாகச் சேரும். பிட்டோனியாவையும் பெரணியையும் ஈரக்காற்று உள்ள இடத்துக்கு ஒதுக்குங்கள். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடத்துக்குப் பெட்டூனியா, வெர்பினா, நித்தியகல்யாணி, பட்டுரோஜா வகைகள். இவற்றிலும் பட்டுரோஜா வறட்சியை விரும்பும், பெட்டூனியா ஈரத்தைக் கேட்கும், சேர்த்து நடாதீர்கள். இடத்தின் வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாம். நண்பகலில் வெள்ளைத் தாளின்மேல் ஒரு முழம் உயரத்தில் கையைப் பிடித்தால், விரல்கள் பிரிந்து கூர்மையாக நிழல் விழுவது நல்ல வெளிச்சம். மங்கலாகக் கை வடிவம் மட்டும் தெரிவது நடுத்தரம். நிழலே விழாத இடத்தில் பூச்செடி வைத்துப் பயனில்லை.

வாங்கும்போது முழுக்கப் பூத்துக் குலுங்குவதை விட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மலர்ந்து மிச்சம் மொட்டாக உள்ளதை எடுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. மாவுப்பூச்சி இலைக்காம்பின் இடுக்கில் வெண்பஞ்சுபோல் ஒளிந்திருக்கும், ஒரு செடியோடு வந்து கூடை முழுவதும் பரவும். புதுச்செடிகளை ஒரு வாரம் தனியே வைத்திருந்து பிறகு நடுவது பாதுகாப்பு. தொட்டியிலிருந்து எடுக்கும்போது தண்டைப் பிடித்து இழுக்காமல், தண்டை இரு விரலுக்கிடையே விட்டுத் தொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினால் தாய்மண் உடையாமல் கழன்று வரும். வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். பழுப்பாகி வழுவழுத்தால் அந்தச் செடியை ஒதுக்கிவிடுங்கள். வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அடிப்பாகத்தை விரலால் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் அது புதுக்கலவைக்குள் போகாமல் பழைய வட்டத்திலேயே சுற்றும்.

நடுவதற்கு அரை மணி முன்பு எல்லாச் செடிகளையும் தொட்டியோடு நீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை ஊறவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதால் கெட்டுப்போகும் கூடைகள் ஏராளம். காய்ந்த தாய்மண்ணை ஈரக் கலவைக்குள் நட்டால், பிறகு ஊற்றும் நீர் அதைச் சுற்றி ஓடிவிடும், உள்ளே நுழையாது. வெளியே தொட்டுப் பார்த்தால் ஈரம், செடி மட்டும் வாடிக்கொண்டிருக்கும்.

இப்போது அமைப்பு. நிமிர்ந்து நிற்க ஒன்று, நடுவை நிரப்பச் சில, விளிம்பில் வழியச் சில என்று மூவகைச் செடிகளை வைத்துக்கொள்வது தொடங்குகிறவர்களுக்கு எளிய வழி. நிமிர்ந்த செடி பாத்திரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு; பாத்திரம் தட்டையாக இருந்தால் உயரத்துக்குப் பதில் அகலத்தை அளவாகக் கொள்ளுங்கள். மேலே சொன்ன 25 செ.மீ. பாத்திரத்துக்கு 10 செ.மீ. தொட்டியில் வளர்ந்த உயரச்செடி ஒன்று, 9 செ.மீ. தொட்டிச் செடி இரண்டு, 6 செ.மீ. தொட்டிச் செடி மூன்று சரியாக அமையும். டிரசீனா அல்லது பீஸ் லில்லி உயரத்துக்கு, சிங்கோனியமும் பெப்பரோமியாவும் நிரப்புவதற்கு, சின்ன இலை மணிபிளான்ட் விளிம்புக்கு. எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கப்படும் கூடையில் உயரச்செடி நடுவே வரட்டும். சுவரோரம் வைப்பதில் பின்னுக்குத் தள்ளி நடுங்கள். கைப்பிடி உள்ள கூடையில் உயரச்செடி கைப்பிடிக்கு நேர் அடியில் வந்தால் நுனி இடித்து வளையும். ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். அப்போதுதான் தூக்குகிறவரின் கையும் உள்ளே போகும்.

நடுமுன் செடிகளைத் தொட்டியோடு கூடைக்குள் வைத்து, கூடையைச் சுற்றித் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு முகம் இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்த பக்கம். அந்த முகம் பார்ப்பவரை நோக்கட்டும். விளிம்புச் செடிகளை வெளிப்புறமாகச் சாய்த்து நட்டால் முதல் நாளே வழியத் தொடங்கும். நிமிர்த்தி நட்டால் மூன்று வாரம் விறைத்து நின்றபின்தான் தொங்கும். நிறத்தில் அடக்கம் வேண்டும். ஒரு கூடைக்கு இரண்டு நிறப் பூவும் ஒரு வேறுபட்ட இலையும் போதும். ஒரே நிறத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளிக்காமல் இரண்டு மூன்று செடியாகச் சேர்த்து நட்டால் தூரத்திலிருந்தும் தெரியும். கருஞ்சிவப்பு, கருநீல இலைகள் பக்கத்தில் பார்க்க அழகு. நிழலான மூலையில் அவை இருட்டோடு கலந்து காணாமல் போகும். அங்கே வெள்ளைக் கோடோடிய சிலந்திச்செடி நன்றாக எடுபடும். பூவின் நிறத்தைவிட இலையின் வடிவ வேறுபாடுதான் கூடையைத் தாங்குகிறது என்பது எங்கள் கருத்து. பூ உதிர்ந்த பிறகும் அகல இலைக்குப் பக்கத்தில் ஊசியிலையும் அதற்குப் பக்கத்தில் புள்ளியிலையும் கண்ணை நிறுத்தும்.

நடும் ஆழம் தாய்மண்ணின் பழைய மட்டமே. ஒரு செ.மீ. ஆழம் கூடினாலே மென்தண்டுச் செடிகள் கழுத்தில் அழுகும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் கட்டி காற்றில் காய்ந்து, திரி உறிஞ்சுவதுபோல் மற்றதன் ஈரத்தையும் இழுக்கும். தாய்மண்களுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடம் விட்டு, அதில் கலவையைச் சிறிது சிறிதாக இறக்கி, குச்சியால் மெல்லக் குத்தி நிரப்புங்கள். கட்டைவிரலால் அழுத்தி இறுக்குவது வேண்டாம். இறுக்கினால் பெர்லைட் போட்டதன் பயனே போய்விடும். முதல் நீரை மூன்று தவணையாக, பத்து நிமிட இடைவெளியில், துளி துளியாகத் தாருங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் கலவை சேர்த்த பிறகே பாசி பரப்ப வேண்டும். கூழாங்கல்லால் மேற்பரப்பை முழுக்க மூடுவது பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஈரத்தை விரலால் பார்க்கும் வழியை அடைத்துவிடுகிறது. கொஞ்சம் இடம் திறந்திருக்கட்டும்.

தொங்கு கூடைக்குத் தனிக் கவனம் வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளக் கம்பிக்கூடை 7 லிட்டர் பிடிக்கும். நனைந்தபின் செடியும் சங்கிலியுமாக 7, 8 கிலோ வரும். 40 செ.மீ. கூடை 16 லிட்டரைத் தாண்டும், எடையும் அதே கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். கொக்கியைக் காய்ந்த எடைக்குப் பார்த்து மாட்டிவிட்டு முதல் மழையில் கூடை விழுவது இதனால்தான். நனைந்த எடையைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதை மாட்டுங்கள். கூடை உருளாமலிருக்க ஒரு வாளியின் வாயில் உட்கார வைத்து வேலை செய்யுங்கள். தேங்காய் நார் உறையைப் பொருத்தி, அதன் கீழ்ப் பாதியில் மட்டும் ஒரு வட்டப் பாலித்தீனை இட்டு நான்கைந்து கீறல் போட்டால் நீர் உடனே ஓடிவிடாமல் தங்கி, மிச்சம் வடியும். பக்கவாட்டில் நட உறையில் சிலுவைக் கீறல் போட்டு, செடியின் இலைப்பகுதியைக் காகிதத்தில் குழலாகச் சுருட்டி, உள்ளிருந்து வெளியே தள்ளி, பிறகு காகிதத்தை உருவிவிடுங்கள். தாய்மண்ணை வெளியிலிருந்து உள்ளே திணித்தால் வேர் அறும். பக்கத்தில் ஆறு நாற்று, மேலே ஓரத்தில் நான்கு, நடுவில் ஒன்று 30 செ.மீ. கூடைக்குத் தாராளம். இந்தக் கூடையைக் கீழிருந்துதான் பார்ப்பார்கள். எனவே நடுவில் உயரத்தைத் தேடாமல் பக்கங்களை நிறையுங்கள். நட்ட கூடையை மூன்று நான்கு நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்குப் பழக்கி மாட்ட வேண்டும். காற்றிலும் வெயிலிலும் இது தினமும் நீர் கேட்கும். ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றிப் பயனில்லை, நார்த்தூள் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். அரை மணி நேரம் நீர்த்தொட்டியில் அமிழ்த்தியெடுங்கள். நீரைப் பிடித்துவைக்கும் ஜெல் குருணை போடுவதானால் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போகாதீர்கள். கூடிப்போனால் மழைக்குப் பின் ஊதிப் பெருத்துச் செடிகளை வேரோடு மேலே தள்ளும்.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாக: மண்புழு உரம் கலந்திருந்தால் முதல் மாதம் எதுவும் வேண்டாம். துளையுள்ள தொட்டிக்கும் தொங்கு கூடைக்கும் மெல்லக் கரையும் குருணை உரம் கலவையின் லிட்டருக்கு 3 கிராம் சேர்க்கலாம். துளையில்லாத கூடைக்கு இது கூடாது, கரைந்த உப்பு வெளியேற வழியின்றித் தேங்கி வேரைச் சுடும். அதற்குத் திரவ உரத்தைச் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து மாதம் ஒரு முறை கொடுத்தால் போதும்.

கொண்டுபோய்ச் சேர்ப்பதிலும் கூடைகள் கெடுகின்றன. புறப்படுவதற்கு முந்திய நாள் நீர் ஊற்றுங்கள், அன்றைக்கே ஊற்றினால் குலுக்கலில் கலவை சரியும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்து எடுக்க வேண்டும். நனைந்த கூடையின் கைப்பிடி பின்னலோடு பிய்ந்து வரும். மூடி நிறுத்திய வண்டிக்குள் வெயில் நேரத்தில் கால் மணி நேரம் இருந்தாலும் இலை வெந்துவிடும். பழுத்த பழங்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டையும் பூவையும் உதிர்க்கும். பழமும் பூச்செடியும் சேர்ந்த பரிசுக் கூடைகள் மறுநாளே வெறுமையாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

கூடையோடு ஒரு அட்டை போக வேண்டும். துளை உண்டா இல்லையா, எத்தனை மி.லி. நீர், எப்போது, எங்கே வைப்பது, என்னென்ன செடி என்று ஐந்து வரி. பீஸ் லில்லி, மணிபிளான்ட், சிங்கோனியம், ஆந்தூரியம் ஆகியவற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். கலஞ்சோ நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. உண்மையான லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரையே எடுக்கும், அதன் மகரந்தமும் கூட. குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ உள்ள வீட்டுக்குப் போகும் கூடை என்று தெரிந்தால் சிலந்திச்செடி, பெப்பரோமியா, பிட்டோனியா, போஸ்டன் பெரணி ஆகியவற்றை வைத்தே அமைக்கலாம், அழகில் எந்தக் குறையும் வராது. கூடை கேட்டு வருகிறவரிடம் எந்த நிறம் என்று கேட்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பூ அலங்காரம், தொட்டித் தோட்டப் பயிற்றுநர்கள் சிலர்